இரண்டாவது அடுப்பு

மேனாம்பேடு
18.6.1988

அன்புள்ள வள்ளி,

உன் கடிதம் வந்து இருபத்திரண்டு நாளாகிறது. திட்டிக்கொண்டேதான் இதைப் பிரித்திருப்பாய். பிரிட்டோவுக்கு ஒரு வாரமாக வயிற்றுப்போக்கு. ஒன்றரை வயதுப் பிள்ளை கன்னம் ஒட்டிப்போய்ப் படுத்திருந்தால் எனக்கு எதிலும் கை ஓடுவதில்லை. இப்போது தேவலை. ஆனாலும் மணிக்கொரு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கேள்விப்பட்டது உண்மைதான். பூந்தமல்லிப் பக்கத்துக் கிராமங்களில் யாருக்கு அரசாங்க வீடு தேவை, யாரால் மாதத் தவணை கட்ட முடியும் என்று கணக்கெடுக்கிறார்கள். எனக்கு மூன்று மாதத் தற்காலிக வேலை. நாம் படித்த பொருளாதாரம் கடைசியில் குடிசை குடிசையாக ஏறி இறங்கத்தான் உதவியிருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரை என் பங்குக்கே வந்திருக்கிறது. நீ சொல்லாவிட்டாலும் அங்கே இருக்கிற உன் அம்மாவை விட்டுவிடுவேனா?

ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் விதிப்படி ஓர் அடுப்பு என்றால் ஒரு குடும்பம். அம்மா, உன் அண்ணன் வேம்புலி, சுசீலா அண்ணி, இரண்டு பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே உலைதானே? ஒரே படிவம்தான். வீடு வந்தாலும் அம்மாவுக்கு மறுபடியும் ஒரு மூலைதான். இரண்டு அடுப்பு இருந்தால் நான் இரண்டு படிவம் எழுதலாம். நான் வருகிற அன்றைக்கு மட்டும் இருந்தால் போதும். யோசித்து எழுது.

உன்
அருளு


நாக்பூர்
27.6.1988

அருளு,

இதில் யோசிக்க என்னடி இருக்கிறது? அண்ணனுக்கு அன்றைக்கே கார்டு போட்டுவிட்டேன். இங்கே குவார்ட்டர்ஸில் எனக்கு இரண்டு அறை. என்னைப் பெற்றவள் மழைக்காலத்தில் ஒழுகாத இடம் தேடி உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அம்மாவுக்கென்று ஒரு கதவு வேண்டும், அவளே சாத்தி அவளே திறக்க. எனக்கு வேறு ஆசை இல்லை.

பிரிட்டோவுக்கு மாதுளம்பிஞ்சு அரைத்துக் கொடுத்துப் பார். சும்மா பயந்து சாகாதே.

வள்ளி


மேனாம்பேடு
14.7.1988

அன்புள்ள வள்ளி,

எழுதிவிட்டேன். இரண்டு படிவம்.

மாமியாருக்கு அன்று உடம்பு சரியில்லை. பிரிட்டோவையும் தூக்கிக்கொண்டுதான் போனேன். உன் அம்மா கட்டட வேலைக்குச் செங்கல் சுமக்கப் போகாமல் எனக்காகக் காத்திருந்தார். குடிசையை ஒட்டிய சார்ப்பில் மூன்று கல்லை வைத்து, மேலே ஒரு சட்டி.

"இன்னா கண்ணு இது, ஒரே சட்டியில துன்னுகினு ரெண்டு அடுப்புன்னு பொய் சொல்லச் சொல்றீங்க? எனுக்கே சிரிப்பா வருது" என்றார்.

"அத்த, ஒரு நாளைக்குத்தானே? நீ வாயத் தொறக்காத இரு. கல்லுல கரி ஏறலியே, நம்புவாங்களா?" என்று சுசீலா அண்ணி அடுப்பிலிருந்து கரியை எடுத்துத் தேய்த்துவிட்டார். மூவரும் சிரித்தோம். பிரிட்டோவும் சிரித்தான். உன் அம்மா ஊட்டிய குழைந்த சோற்றை அப்படித் தின்றான். அவன் அப்படித் தின்று நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

ஒன்று மட்டும். மேற்பார்வையாளர் உலகநாதன் சார் சொல்லாமல் வந்து பார்ப்பாராம். அதுவரை அந்தக் கல் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உன்
அருளு


நாக்பூர்
20.10.1988

அருளு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் பிள்ளைக்கு என்னவோ என்று முதலில் பயந்தேன். அப்புறம் கோபம் வந்தது.

அண்ணன் எழுதியிருக்கிறான். அதிகாரி எப்போது வருவாரோ என்று அம்மா தினமும் தனியாக ஆக்கிக்கொண்டிருக்கிறாளாம். ஆவணியில் ஒரு நாள் கிருஷ்ணாயில் யாருக்கு எவ்வளவு என்று அண்ணி ஏதோ சொல்ல, "அப்போ நான் தனிதானா?" என்று அம்மா கேட்டாளாம். அண்ணன் வாயே திறக்கவில்லையாம். அதிலிருந்து பேச்சு இல்லை. அந்த அதிகாரி வந்தாரா இல்லையா? பட்டியல் எப்போது வரும்?

எனக்கு ஆறு மாதம். இதையும் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன், பார்.

வள்ளி


மேனாம்பேடு
3.12.1988

அன்புள்ள வள்ளி,

அதிகாரி வரவேயில்லை. பட்டியல் வந்துவிட்டது. இரண்டு பெயரும் இல்லை.

ஆபீசில் போய்க் கேட்டேன். ஓர் அறையில் ஐந்து பேராவது இருந்தால்தான் நெருக்கடி என்று கணக்காம். அண்ணன் படிவத்தில் நாலு பேர். அம்மா படிவத்தில் ஒரே ஆள், கூலி வேலை. 'தவணை கட்ட இயலாதவர்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. ஐந்து பேராக ஒரே படிவத்தில் இருந்திருந்தால் ஒரு வீடு கிடைத்திருக்கும். இந்த அளவையெல்லாம் பிறகுதான் வைத்தார்களாம்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அருளு


நாக்பூர்
12.12.1988

அருள்செல்விக்கு,

ஐந்து பேராக இருந்திருந்தால் என்று எழுதியிருக்கிறாய். எங்கள் வீட்டில் ஐந்து பேராகத்தான் இருந்தார்கள்.

எனக்கு எட்டாவது மாதம். ரயில் ஏறக்கூடாது என்கிறார்கள். நீ போ. அந்தக் கல்லை எடுத்து வெளியே போடச் சொல். அதையாவது செய்.

நாகவல்லி


மேனாம்பேடு
5.2.1989

அன்புள்ள வள்ளி,

இந்தத் தாமதத்துக்குப் பிரிட்டோ காரணமில்லை. போய்வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. எழுதத் துணிச்சல் வரவில்லை.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அளவு பிறகு வைத்ததல்ல. எங்களுக்குக் கொடுத்த விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஆரம்பத்திலிருந்தே அச்சாகியிருந்தது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் படித்தேன். அடுப்பு விதி வரைக்கும்தான் படித்தேன். அதற்கு மேல் புரட்டத் தோன்றவில்லை. எனக்கும் இங்கே மாமியாரோடு ஒரே அடுப்பு. இரண்டு அடுப்பு என்று படித்தபோது அது எனக்கு நல்ல காரியமாகவே பட்டது, வள்ளி.

இப்போது நடுவில் ஓலைத் தடுப்பு கட்டியிருக்கிறார்கள். அம்மா தன் பக்கத்தில் உலை வைத்திருந்தார். கணக்கெடுப்பு முடிந்துவிட்டது, இனி ஒன்றாக ஆக்குங்கள் என்று சொன்னேன். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, "நானா வாணாங்கிறேன்? அவங்களையே கேளு" என்றார் அண்ணி. அம்மா அடுப்பில் இன்னொரு சுள்ளியைச் செருகினார்.

கொஞ்ச நேரத்தில் உன் அண்ணன் மகள் கிண்ணத்தோடு வந்தாள். "ஆயா, கொயம்பு கீதா?" அம்மா ஊற்றிக் கொடுத்தார். கிண்ணம் உடனே திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, உள்ளே ஒரு பிடி உளுந்து.

அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பாத்தியா கண்ணு? வெறுங்கிண்ணமாக் குடுக்கக்கூடாதாம். அசலூட்டுக்குத் தர்ற மாதிரி தருது. இத்த நான் எங்க போய்ச் சொல்ல? நீ எய்தினு போனது சரியாத்தான் கீது. ரெண்டு ஊடுதான்."

கல்லை எடுக்க நான் குனிந்தேன். "வுடு, சுடுது" என்றார்.

இதற்குள் உனக்குப் பிள்ளை பிறந்திருக்கும். ஆணா பெண்ணா என்று கேட்டு எழுதவில்லை. அம்மாவுக்குக் கார்டு போட்டிருந்தால் தடுப்புக்கு இந்தப் பக்கத்துக்கென்று தனியாக ஒன்று போடு. அந்தப் பக்கத்துக்கு வரும் கார்டை அம்மாவுக்கு யாரும் படித்துக் காட்டுவதில்லை.

அருள்செல்வி