இடுப்பு வலி என்று சொன்ன பொய்

9 ஜூன், திங்கள்
ஏழு மணிக்கே மண்டையைப் பிளக்கிற வெயில். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். ஃபோர்க்லிஃப்ட் சீட்டில் ரெண்டு துண்டு மடித்துப் போட்டும் உட்கார முடியவில்லை. வால் எலும்புக்கு மேலே இருக்கிற கட்டி மறுபடி கசிகிறது. ரெண்டு மாசமாக இதே பேஜாரு. மத்தியானச் சாப்பாடும் நின்றபடியே. சூப்பர்வைசர்: "இன்னா பாபு, நின்னுகினே துன்றே, வேண்டுதலா?"

ஸ்டெல்லாவிடம் சொல்லியிருப்பது இடுப்பு வலி. கல்யாணமாகி ஏழு மாசம். அந்த இடத்தில் சீழ் என்று எப்படிச் சொல்வது? அருவருப்புப் படுவாளோ என்று பயம். அவள் பாவம், பள்ளிப்பட்டிலிருந்து அத்தை கொடுத்தனுப்பிய எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்க்கிறாள். கை நாலு விரல் கீழே இறங்கினால் நான் அலறுகிறேன். "பாத்தியா, எண்ணெ வேலை செய்யுது!" என்கிறாள்.

10 ஜூன், செவ்வாய்
பெர்மிஷன் போட்டுவிட்டு திருவள்ளூர் ஆஸ்பத்திரி. சர்ஜன் ஒரு அம்மா. போச்சுடா. குப்புறப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அரை நிமிஷம்தான் பார்த்தார்.

பேர் பைலோநிடல் சைனஸ். உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு, அதிலும் டிரைவர்களுக்கு, அதிகமாம். உதிர்ந்த முடி தோலுக்குள் குத்திக்கொண்டு போய்க் குழி பறிக்குமாம். பெரிசாக வெட்ட வேண்டாம், சின்னத் துளை வழியாக முடியை எடுத்து, லேசரால் உள்ளே சுட்டு மூடிவிடலாம், மறுநாளே வீடு. எனக்கு ஒரே குஷி. கதவு வரை வந்துவிட்டேன்.

"அப்புறம் வாரா வாரம் அங்க முடி எடுக்கணும் பாபு. இல்லன்னா திரும்ப வரும். உனக்குக் கை எட்டாது. வீட்ல யாரு செய்வாங்க?"

ஆபரேஷனுக்கு வியாழக்கிழமை தேதி மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வாங்க வேண்டியது: பஞ்சு, லுங்கி 2, ரேசர். தைரியம் எந்தக் கடையில் கிடைக்கும்?

12 ஜூன், வியாழன்
மேகமூட்டம். குப்புறப் படுத்து எழுதுகிறேன், எழுத்தெல்லாம் கோணல்.

காலையில் கையெழுத்துக்கு வீட்டு ஆள் வேண்டும் என்றார்கள். ஸ்டெல்லாவுக்கு போன் போட்டு, இடுப்பில் ஊசி என்றேன். ஷேர் ஆட்டோ பிடித்து ஓடி வந்தாள். பேப்பரைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். வாய் திறப்பதற்குள் என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

முக்கால் மணி நேரம். முடிந்ததும் டாக்டர் எடுத்த முடியை ஸ்.க்குக் காட்டினார். குட்டைக் குட்டையாக ஒரு கொத்து, அதற்குள் ஒரே ஒரு ஜாண் நீள முடி. ஸ். தன் ஜடையோடு வைத்துப் பார்த்தாள். "ஐயையோ மேடம், இது என்னுது!" நர்ஸ் எல்லாம் சிரிப்பு. "படுக்கையில உதிர்றது யாருதா இருந்தாலும் உள்ள போகும்மா," என்றார் டாக்டர்.

வார்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள். "இவ்ளோ நாளா தப்பான எடத்துல எண்ணெ தேய்க்க வெச்சிகினு இருந்தியா?"

"உனக்கு அருவருப்பா இருக்குமோன்னு..."

"எங்க அப்பாவுக்கு ரெண்டு வருஷம் கால் புண்ணு கழுவி கட்டுனவ நானு. உன்னப் பாத்து மூஞ்ச திருப்பிக்குவனா?" அழுதாள். நானும்தான்.

26 ஜூன், வியாழன்
மழை. காயம் நன்றாக ஆறிவிட்டது. அடுத்த வாரம் வண்டி ஓட்டலாம், முடி எடுக்க ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர்.

சாயங்காலம் பாயில் குப்புற நான். கையில் ரேசரும் செல்போன் டார்ச்சுமாக ஸ். "ஆடாத, கையில பிளேடு கீது." குனிந்தவள் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். என்னதான் சொன்னாலும் கிட்டத்தில் பார்த்ததும் மனசு மாறிவிட்டதோ?

திரும்பி வந்தாள். ஜடையைக் கொண்டை போட்டு, ஒரு முடிகூட வெளியே தெரியாமல் தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள்.