இரண்டு பனியன்களும் ஒரு கொள்கையும்

மார்ச் 3

இன்று இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு உடலரசியல் நடத்தினேன். உடலை வெட்கத்திலிருந்து விடுவிப்பது பற்றி ஒரு வகுப்பு முழுக்க. நன்றாகத்தான் பேசினேன் போலிருக்கிறது. முதல் வரிசைப் பெண் குறிப்பெல்லாம் எடுத்தாள். என் சட்டைக்குள் இரண்டு பனியன். ஒன்று சாதாரணம். அதற்கு மேல் ஒரு அளவு சிறியது, இறுக்கிப் பிடிக்க. மின்விசிறி ஓடவில்லை. விடுதலை வியர்த்துக்கொண்டிருந்தது.

மார்ச் 5

எழுதியே தொலைக்கலாம். எனக்கு மார்பு இருக்கிறது. எல்லோருக்கும் இருப்பதுதான், எனக்குக் கொஞ்சம் தாராளம். எட்டாம் வகுப்பில் வந்தது. தானாகப் போய்விடும் என்றார்கள். இருபத்தெட்டு வயதாகிறது, இன்னும் கிளம்பவில்லை. மருத்துவத்தில் இதற்கு கைனகோமாஸ்டியா என்று பெயர். கிரேக்கம். எங்கள் எட்டாம் வகுப்பு ‘சி’ பிரிவில் ‘மேடம்’.

விளையாட்டு வகுப்பில் கபடி. ஒரு அணி சட்டையோடு, இன்னொரு அணி சட்டையில்லாமல். நான் மூன்றாவது அணி: வயிற்றுவலி.

மார்ச் 9

சுடர்விழி வீட்டிலிருந்து வந்து கல்யாணத் தேதி குறித்துவிட்டார்கள். ஜூன் 8. வில்லியனூரில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. கேட்டால் பதில் சொல்கிறாள், பேசினால் கேள்வி கேட்கிறாள். பிடித்திருக்கிறது. இதில் கிண்டல் செய்ய எதுவும் கிடைக்கவில்லை.

அவர்கள் போனதும் அம்மா சடங்குகளை அடுக்க ஆரம்பித்தாள். “மொத நாளு சாயங்காலம் நலங்கு. சட்டயக் கழட்டிட்டு மணையில உக்காருவ. சொந்தக்காரப் பொம்பளைங்கல்லாம் வரிசையா வந்து மஞ்ச பூசுவாங்க. வீடியோக்காரன் அதத்தான்டா நல்லா எடுப்பான்.”

மார்ச் 10

மணை. மஞ்சள். வெற்றுடம்பு. வீடியோ. இதில் எதை அடித்து நீக்கலாம்?

மார்ச் 14

அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்த்தேன். கல்யாணத்துக்குள் முடித்துக்கொடுங்கள் என்றேன், தையல்காரரிடம் சொல்வதுபோல. அவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். “ஹார்மோன்லாம் நார்மல். ஆபத்தும் கிடையாது. ஆபரேஷன் வேணும்னா பண்ணலாம். ஆனா அவசரத்துல பண்ண மாட்டேன். மொதல்ல ஒரு கவுன்சலரப் பாருங்க.”

உடம்பைக் காட்டப் போனேன். மனதைக் காட்டச் சொல்கிறார்கள். இங்கே எல்லாவற்றுக்கும் வேறு கவுண்டர்.

மார்ச் 17

மிஷன் வீதியில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடி அறை. நெகிழிச் செடி. சூரிய உதயப் படம். கையெட்டும் தூரத்தில் டிஷ்யூ பெட்டி. அழுகையை எதிர்பார்த்து ஏற்பாடுகள் செய்திருக்கிறார்கள்.

ஆலோசகர் பெயர் இஃப்ஃபத். என்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவராக இருப்பார். ஒரு பெண்ணிடம் இதைச் சொல்லவேண்டுமா என்ற யோசனையிலேயே பாதி நேரம் போனது. மீதியில் சமூகம் உடலின் மீது செலுத்தும் அதிகாரம் பற்றி விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நெறயப் படிச்சிருக்கீங்க. இந்தப் பைய ஏன் சார் மடியில வச்சிட்டே இருக்கீங்க?” என்றார்.

குனிந்து பார்த்தேன். பையை மார்போடு அணைத்திருந்தேன். குழந்தையைப் போல.

மார்ச் 20

தீர்வு கிடைத்துவிட்டது! ஆலோசகரும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். சாப்பிடும்போது அறிவித்தேன்: “எனக்கு நலங்கெல்லாம் வேணாம். சடங்கு, மூடப்பழக்கம். கொள்கை ரீதியா எனக்கு உடன்பாடு இல்ல.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பா தலையை நிமிர்த்தினார். அந்தப் பார்வையை நான் பார்த்ததே இல்லை. பெருமை.

மார்ச் 23

அப்பா பஞ்சாலைத் தொழிற்சங்கத்தில் இருந்தவர். ஆலை மூடியபிறகு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாசலில் காவலர். தன் கல்யாணத்தையே மேடையில் மாலை மாற்றி முடிக்க நினைத்து, தாத்தாவிடம் தோற்றவர். எனக்கு நிலவன் என்று பெயர் வைத்ததோடு அவர் புரட்சி நின்றுவிட்டதாக நினைத்திருந்தேன். நிற்கவில்லை. காத்திருந்திருக்கிறது.

இன்று பழைய தோழர் ஒருவரை அழைத்து வந்தார். “எம்மவன் சொல்லிட்டான் தோழர். நலங்கு கெடையாது. அப்புறம் எதுக்கு ஐயரு? எதுக்கு ஓமம்? சுயமரியாதைத் திருமணம்தான்!”

நான் நலங்கை மட்டும்தானே வேண்டாம் என்றேன்?

அம்மா அடுப்படியிலிருந்து: “ஒரே புள்ள. அவனுக்கு ஒரு கை மஞ்ச வைக்கக் கூட எனக்குக் குடுப்பின இல்ல.”

மார்ச் 31

இஃப்ஃபத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டதாகச் சந்தேகம்.

“நலங்குல என்னா நடக்கும்னு பயப்படுறீங்க?”

“பார்ப்பாங்க.”

“பாத்து?”

“யாராவது சொல்லிடுவாங்க.”

“சொல்லிட்டா?”

வாழ்நாளெல்லாம் அந்த வாக்கியம் வரைக்கும்தான் பயந்திருக்கிறேன். அதற்கு அடுத்த வாக்கியத்துக்குப் போனதே இல்லை.

யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று ஆறுதல் சொல்வார் என நினைத்தேன். அதையும் சொல்லவில்லை. “கவனிக்கலாம். சொல்லவும் சொல்லலாம். அப்ப நீங்க என்னா பண்ணுவீங்கன்னுதான் நாம பாக்கணும்.”

மிகவும் ஊக்கமளிக்கும் சேவை.

ஏப்ரல் 4

வீட்டுப்பாடம்: கண்ணாடி முன் சட்டையில்லாமல் நின்று உடலை வர்ணிக்கவேண்டும், வையாமல். நான்கு பக்கம் எழுதி எடுத்துப்போனேன். ‘அருவருப்பான’ என்று தொடங்கும் நல்ல உரைநடை.

முதல் வரியிலேயே நிறுத்தினார். “ஸ்கூல் டி.சி.யில அங்க அடையாளம் போடுவாங்கள்ல, அந்த மாதிரி எழுதுங்க. அருவருப்பான மச்சம்னு டி.சி.யில போடுவாங்களா?”

வீட்டுக்கு வந்து மறுபடி எழுதினேன். வலது தோளில் அம்மைத் தழும்பு. மார்பு இருபுறமும் சற்று முன்தள்ளி, மென்மையாக. இடது விலாவில் ஒரு மச்சம்.

மச்சம்! இது எப்போது வந்தது? இத்தனை வருடம் ஒரே இடத்தை முறைத்துக்கொண்டிருந்ததில் பக்கத்து வீட்டைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 8

சுடர்விழியின் அப்பாவுக்குச் செய்தி போய்விட்டது. நலங்கு இல்லை, ஓமம் இல்லை, இப்போது தாலியும் சந்தேகம் (அப்பாவின் தனிப்பட்ட சேர்க்கை). “எங்க சம்பிரதாயத்தக் கேவலப்படுத்துற எடத்துல பொண்ணு குடுக்கணுமான்னு யோசிக்கிறோம்” என்று அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறார்.

அப்பா: “விட்டுக் குடுக்காதடா. நான் இருக்கேன்.”

ஐயோ. இருக்கிறார்.

ஏப்ரல் 13

இன்னொரு வீட்டுப்பாடம். ஒரே சட்டை, வெளிர் நிறம், பனியன் கிடையாது, பை கிடையாது. காலையில் கடற்கரைச் சாலையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. முதுகை வளைக்கக்கூடாது, சட்டையை முன்னால் இழுத்துவிடக்கூடாது. கிளம்பும் முன் என்ன நடக்கும் என்று ஊகித்துச் சொல்லவேண்டும். “பாதிப் பேர் பார்ப்பார்கள், இரண்டு பேர் சிரிப்பார்கள்” என்று சொல்லியிருந்தேன்.

காற்று சட்டையை உடம்போடு ஒட்டிப் பிடித்தது. கடலுக்கும் என் மேல் கோபம் போலிருக்கிறது. நடந்தேன்.

ஒருவரும் பார்க்கவில்லை. நடைப்பயிற்சிக்காரர்கள் தங்கள் தொப்பையைச் சுமந்து போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் நிறுத்தினார். “தம்பி, டைம் என்னா?”

இத்தனை வருட நாடகத்துக்கு ஒரு பார்வையாளர்கூட இல்லை. அவமானமாக இருந்தது. இது வேறு வகை.

ஏப்ரல் 20

நோணாங்குப்பம் படகுத்துறை. கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு. கல்யாணமே நடக்குமா என்று தெரியாதபோது எதற்கு? “முன்னாடியே புக் பண்ணியாச்சு, வாங்க. பேசணும்” என்றாள் சுடர்விழி.

படகில் உயிர்காப்பு உடை கொடுத்தார்கள். தடிமனான ஆரஞ்சு. மனிதகுலம் தைத்த ஆடைகளில் மிகச் சிறந்தது. பாரடைஸ் கடற்கரையில் இறங்கியும் நான் கழற்றவில்லை.

புகைப்படக்காரர் கலைவாணன் கெஞ்சினார். “சார், தரைக்கு வந்துட்டோம் சார். அதக் கழட்டுங்க. ரெண்டு பேரும் அலையில நனஞ்ச மாரி ஒரு ஷாட்டு.”

“வேண்டாம்.”

“இதுவும் கொள்கையா?” என்றாள் சுடர்விழி.

அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு மணலில் உட்கார்ந்தாள். “உண்மையச் சொல்லுங்க. உங்க கொள்கையப் பத்தி எதாவது கேட்டா பேச்ச மாத்துறீங்க. கொள்கை இருக்கறவங்க அப்படி இருக்க மாட்டாங்க, நிறுத்தவே மாட்டாங்க. உங்க அப்பா மாதிரி. என்னப் புடிக்கலியா?”

அதுவரை எனக்கு இது தோன்றவே இல்லை. நான் என்னை மறைத்தால் அவள் தன்னைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வாள் என்று. நான் பெரிய புத்திசாலி!

சொன்னேன். கடலைப் பார்த்துத்தான் சொன்னேன். எட்டாம் வகுப்பு, பனியன்கள், மிஷன் வீதி. கிரேக்கப் பெயரைப் பாதியில் விழுங்கிவிட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“இதுக்கா? இதுக்காடா எங்கப்பா சரியா சாப்பிடாமக் கெடக்காரு? நான் ராத்திரியெல்லாம் என்னப் பத்தி என்னென்னமோ நெனச்சிட்டுக் கெடந்தேன். நீ சட்டையக் கழட்ட மாட்டேன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்!”

முதல் ‘டா’. காதலில் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

“அசிங்கமா இல்லையா?” என்று கேட்டேன்.

“பொய் சொன்னது அசிங்கம். மத்தது எனக்கு எப்படித் தெரியும்? நான் இன்னும் பாக்கலியே.” முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “எங்க அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். ஒங்க அப்பாகிட்ட நீயே பேசு.”

ஏப்ரல் 22

அப்பாவிடம் சொன்னேன். திருமண உறுதிமொழியைத் தன் கையால் எழுதிக்கொண்டிருந்தார். பேனாவை மூடினார்.

“அப்போ கொள்க இல்லியா?”

“இல்லப்பா.”

“சட்டைக்குள்ள இருக்கறத மறைக்கவா என் கொள்கைய இழுத்த?”

மற்றவர்கள் சொல்லக்கூடிய எல்லாவற்றுக்கும் இஃப்ஃபத்தோடு பயிற்சி செய்திருந்தேன். இதற்குச் செய்யவில்லை.

வெளியே போனார். திரும்பி வந்து, என்னைப் பார்க்காமல், “அந்தப் பசங்க கேலி பண்ணப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றார். கைலியை மாற்றிச் சீருடையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஏப்ரல் 23

அம்மா மஞ்சள் கிழங்கு வாங்கிவிட்டாள்.

மே 12

வெயில். ஒரு பனியனுக்கு இறங்கியிருக்கிறேன். வகுப்பில் கரும்பலகையின் மேல்பகுதியிலும் எழுதுகிறேன். கையைத் தூக்கினால் தெரியும் என்று இவ்வளவு காலம் பாதிக்குக் கீழேயே எழுதியவன்.

எல்லா நாளும் இப்படியில்லை. நேற்று ஒரு துணிக்கடை உடைமாற்றும் அறையில், மூன்று பக்கமும் கண்ணாடி. சட்டை வாங்காமல் ஓடிவந்துவிட்டேன். இஃப்ஃபத்திடம் தோல்வியை ஒப்புவித்தேன். “ஓடி வந்ததும் வீட்டுலயே அடஞ்சுட்டீங்களா?” இல்லை, சுடர்விழியோடு பழச்சாறு குடித்தேன். “முன்னாடின்னா?” ஒரு வாரம் வெளியே போயிருக்கமாட்டேன். “அப்ப சரி” என்றார்.

அறுவை சிகிச்சை? “பண்றதும் பண்ணாததும் உங்க இஷ்டம். அத்தைங்களுக்குப் பயந்துட்டு மட்டும் பண்ணாதீங்க.”

ஜூன் 7

பந்தல். சாயங்காலம் நலங்கு. சட்டையைக் கழற்ற ஐந்து பொத்தான்கள்தான். ஒவ்வொன்றும் ஒரு ஆண்டுபோல இருந்தது என்று எழுதலாம், பொய். சீக்கிரம் கழன்றுவிட்டது.

மணையில் உட்கார்ந்தேன். அம்மா முதலில். கன்னம், தோள், கை. அவள் எதையும் பார்க்கவில்லை, கண் நிறைந்திருந்தது. சித்தி அடுத்து. பிறகு ஜெயம் அத்தை. எங்கள் மூலக்குளம் முழுக்கக் கேட்கும் குரல்.

“என்னாடா நெலவா, மாரு பொம்பளப் புள்ளைக்கு மாரி இருக்கு!”

நடந்தேவிட்டது. எட்டாம் வகுப்பிலிருந்து நான் காத்திருந்த வாக்கியம், ஒரு சொல்லும் மாறாமல், ஒலிப்பதிவோடு. இதற்குப் பிறகு உலகம் முடியவேண்டும். காத்திருந்தேன். முடியவில்லை. அத்தையின் கை மஞ்சளோடு அந்தரத்தில் நின்றது, பதிலுக்காக.

“ஆமா அத்த. எட்டாவதுலேர்ந்து இருக்கு. டாக்டர்கிட்டயும் காட்டிட்டேன், ஒண்ணுமில்லயாம். அங்கயும் பூசு, விட்டுடாத.”

யாரோ சிரித்தார்கள். அத்தையும். “அட, எங்க வீட்டு ஆளுக்கும் இப்படித்தான்டா! அதுக்குத்தான் அந்த மனுசன் பனியன் போடாம வாசலத் தாண்ட மாட்டேங்குது.”

பந்தல் மொத்தமும் மாமாவைத் திரும்பிப் பார்த்தது. மாமா சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பாவம், அவருக்கு மிஷன் வீதி முகவரியைக் கொடுக்கவேண்டும்.

அப்பா மஞ்சள் பூசவில்லை. பந்தல் காலருகே கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கொள்கை இருக்கிறது. நிஜமானது.

ஜூன் 8

கல்யாணம் நடந்தது. ஓமம் உண்டு, தாலி உண்டு. உறுதிமொழியும் உண்டு. அப்பா ஒலிவாங்கியைப் பிடுங்கித் தானே வாசித்தார். சுடர்விழியின் அப்பா கைதட்டினார், கொஞ்சம் தாமதமாக.

ஜூலை 19

காலையிலிருந்து மின்சாரம் இல்லை. சுடர்விழி பள்ளிக்குப் போய்விட்டாள். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எரிவாயு உருளை வந்தது. கதவைத் திறந்தேன், போனில் வந்த ரகசிய எண்ணைச் சொன்னேன், கொண்டுவந்தவரோடு சேர்ந்து ஒரு கை பிடித்து அடுப்படி வரை நகர்த்தினேன். இந்த ஊர் மின்வெட்டைப் பற்றி இருவரும் கொஞ்சம் திட்டினோம். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். போனார்.

மறுபடி திருத்த உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், சட்டையும் பனியனும் நாற்காலி முதுகில் தொங்குகின்றன.

இஃப்ஃபத்திடம் சொல்லக்கூடாது. சந்தோஷப்படுவார்.