உங்கள் சவக்காலைப் பக்கம் எங்கள் ஊர்க் குப்பை

பிரியமான தவமக்கா,

நான் பிரதேச சபை உறுப்பினராகிவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் இந்தச் செய்தியோடு முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வந்திருப்பேன். இப்போதோ கல்முனைக்குப் போவதென்றாலும் உங்கள் வீதியால் போகாமல் சுற்றித்தான் போய்வருகிறேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நடந்தது ஊர் முன்னால் நடந்தது. ஆகவே ஊரும் வாசிக்கட்டும் என்று பத்திரிகைக்கும் கொடுக்கிறேன்.

நம்மைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் பொறுங்கள். தவமணி அக்கா எங்கள் ஊரை ஒட்டிய தமிழ்க் கிராமத்தைச் சேர்ந்தவர். அரச மிட்வைஃப். முதலில் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டரிலும் எங்கள் முஸ்லிம் வட்டாரங்களில் பிள்ளை பிறந்த வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கியவர். என் மகனைத் தராசில் போட்டு நிறுத்தவரும் அவர்தான். இரண்டு ஊருக்கும் ஒரே சபை. சனம் எங்கள் பக்கம் கூட. அதனால் சபையில் ஆட்களும் எங்கள் பக்கம்தான் கூட.

முகம் மட்டும் தெரிந்திருந்த நாம் இருவரும் மனம்விட்டுக் கதைக்கத் தொடங்கியது காஸ் வரிசையில். நாடு வங்குரோத்தான வருஷம். வெறும் சிலிண்டரை வெயிலில் உருட்டிக்கொண்டு நின்றோம். நீங்கள் வரிசையை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டீர்கள்: "டீச்சர், நாட்டத் திண்டவன் ஒருத்தனாவது இந்த லைன்ல நிக்கிறானா?"

முன்னால் நின்ற எங்கள் ஊர்க்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "இவங்கதான் அந்த ஜனாஸா எரிச்ச காலத்துல, தங்கட கேற்றுல வெள்ளத் துணி கட்டினவங்க," என்று என்னிடம் சொன்னார். கொரோனாவில் இறந்த எங்கள் ஆட்களைப் புதைக்க விடாமல், பச்சைக் குழந்தையைக்கூட விடாமல், அரசாங்கம் எரித்த நாட்கள் அவை. எதிர்ப்பைக் காட்ட எங்கள் வீடுகளில் வெள்ளைத் துணி கட்டவே பலர் பயந்தார்கள். நீங்கள் ஏன் கட்டினீர்கள் என்று கேட்டேன்.

"மண்ணுக்குள்ள வைக்கிறதயும் ஒரு மனிசனுக்கு மறுத்தா, மறுகா என்னத்துக்குக் கா அரசாங்கம்?" என்றீர்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி நீங்கள் ஒருநாளும் கதைக்கவில்லை.

பிறகு நாட்டுத் தலைவரை மாற்றும் தேர்தல் வந்தது. இந்தக் கரையோரம் முழுக்க ஒரே கதை: இனம் பார்த்தது போதும், மதம் பார்த்தது போதும், கள்ளரை அனுப்புவோம். நானும் வீடு வீடாகப் போய்க் கதைத்தேன். முடிவு வந்த அன்று உங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். நான் பூரித்துப்போய் இருந்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள்: "மேல ஆள மாத்தியாச்சு. இனி குப்ப அள்ளுற சபைக்கு வாங்க டீச்சர். அங்கதான் தெரியும் நாம ஆரெண்டு."

அப்படித்தான் எங்கள் சுயேச்சைக் குழு உண்டானது. தேத்தண்ணிக் கேத்தல் சின்னம். தலைமைக்கு ஓய்வுபெற்ற அதிபர் நஸீர் சேர். கை சுத்தமானவர், நன்றாகப் பேசுவார். துண்டுப் பிரசுரத்தில் நம் முதலாவது வாக்குறுதியை நீங்களே சொல்ல நான் எழுதினேன். எங்கள் ஊர்க் குப்பையை, உங்கள் ஊர் ஆட்களைப் புதைக்கும் சவக்காலை ஓரத்தில் கொட்டும் பழைய திட்டத்தைக் கைவிட வேண்டும். குப்பையைப் பிரித்து எடுத்து, எங்கள் ஊர் எல்லைக்குள்ளேயே பசளை செய்யும் இடம் அமைக்க வேண்டும். நஸீர் சேர் அதை வாசித்துவிட்டு, "இது மனிசத்தனமான விசயம்," என்று தலையாட்டினார்.

வேட்பு மனுத் தாக்கலுக்கு முன்னரே உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. அஷ்ரப் நகரிலும் கடற்கரை வீதியிலும் நீங்கள் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் உங்கள் மரண வீட்டுக்கு வந்து நின்றார்கள். உங்களை அந்தச் சவக்காலையில்தான் வைத்தோம். கடல் இரைச்சல் கேட்கும் அந்த மணல்மேட்டில், உங்கள் கணவருக்குப் பக்கத்தில்.

உங்கள் மகள் சுகந்தியிடம் நான்தான் போய்க் கேட்டேன், அம்மாவுக்குப் பதிலாக எங்கள் கடைசிக் கூட்டத்தில் மேடையில் இருந்து ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு ஓம் என்றாள். அக்கரைப்பற்றில் அவள் வேலை செய்யும் பாமசியில் லீவும் எடுத்துவிட்டாள்.

அந்தக் கிழமைதான் கதை பரவியது. 'கேத்தல்காரன் ஊரத் தமிழாக்களுக்கு எழுதிக் குடுக்கப் போறான்' என்று போனுக்குப் போன் செய்தி போனது. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தவர்கள் பள்ளிவாசல் முன்னால் கூடி நின்று கதைத்தார்கள். நாடு மாற வேண்டும் என்று என்னோடு வீடு வீடாக வந்தவர்களும் அவர்களுக்குள் நின்றார்கள். கள்ளரை அனுப்பிய அதே ஆட்கள், குப்பை என்றதும், 'அவங்கட பக்கம் போனா நமக்கென்ன' என்றார்கள்.

நஸீர் சேர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், அந்தப் புள்ள மேடையில வந்தா நாம முடிஞ்சோம்," என்றார். "குப்பைக் கதைய இப்ப வுடுவம். வெண்ட பொறகு பாப்பம். நீங்கதான் அந்தப் புள்ளையோட பழக்கம், நீங்களே போன் பண்ணிச் செல்லிருங்க."

நான் என்ன செய்திருக்க வேண்டும் அக்கா? எழும்பி வந்திருக்கலாம். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் போனை எடுத்தேன்.

"மகள், இண்டைக்கு வரவேணாம். ஆக்கள் ஒரு மாதிரிக் கதைக்கிறாங்க. பொறகு ஒரு நாளைக்கு வெச்சிக்குவம்," என்றேன்.

"விளங்குது அன்ரி. லீவு எடுத்துட்டன், அதான் யோசிக்கிறன். பரவால்ல, வீட்டுல வேல கிடக்கு," என்றாள்.

அவள் ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அன்று மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு கூட்டம். நஸீர் சேர் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னார்: "எங்கட குப்பைய எங்கட மக்கள்ட வாசல்ல கொட்ட நாங்க ஒரு நாளும் வுடமாட்டம்." சனம் கைதட்டியது. எங்கள் வாசலில் கொட்டாவிட்டால் வேறு யார் வாசலில் என்று எல்லோருக்கும் விளங்கியது. அடுத்துப் பேச வேண்டியவள் நான். வீதி விளக்குகளைப் பற்றிப் பேசினேன். தாய்மார் மாலையில் பயமில்லாமல் நடக்க வேண்டும் என்று பேசினேன். எனக்கும் கைதட்டினார்கள்.

என் படம் எந்தப் போஸ்டரிலும் இல்லை என்பதையும் உங்களிடம் சொல்ல வேண்டும். நஸீர் சேரின் படம் பெரிதாக, கேத்தல் படம் பக்கத்தில், கீழே என் பெயர் மட்டும். பெண் முகம் போட்டால் வாக்கு குறையும் என்றார்கள். அதற்கும் தலையாட்டினேன். தேர்தல் முடிந்ததும், சட்டம் கேட்கும் பெண்கள் பங்கை நிரப்ப ஒரு பெண் தேவைப்பட்டதால், பட்டியல் ஆசனம் என்னிடம் வந்தது. என்னிடம் தைரியம் இருக்கிறது என்று தந்த இடம் இல்லை அது. வாய் திறக்க மாட்டேன் என்று அவர்கள் கண்டுகொண்ட பிறகு தந்த இடம்.

நாட்டு அரசியலைப் பற்றி நான் எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன். பெரும்பான்மை சிறுபான்மையை எப்படி நடத்துகிறது என்பதில்தான் ஒரு நாட்டின் தரம் தெரியும் என்று வகுப்பறையில் படிப்பித்திருக்கிறேன். கொழும்பைப் பார்த்துச் சொல்லும்போது அது இலகுவாக வருகிறது, ஏனென்றால் அங்கே நாங்கள் சிறுபான்மை. எங்கள் சபையில் நாங்கள்தான் பெரும்பான்மை. அங்கே எங்களுக்கு என்ன நடந்ததென்று அழுதோமோ, இங்கே அதையே உங்களுக்குச் செய்கிறோம். இறந்துபோன எங்கள் மையித்துகளுக்கு மண் கேட்டு நாடெல்லாம் குரல் கொடுத்த ஊர், உங்கள் மையித்துகளுக்குப் பக்கத்தில் குப்பை கொட்ட யோசிக்கவில்லை. இதை வேறு யாராவது எழுதியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். ஆகவே நானே எழுதுகிறேன்.

சபை கூடுவதற்கு முன்னர் எங்கள் குழுவும் வேறு இரண்டு குழுக்களும் சபைத் தலைவரான தவிசாளரின் வீட்டில் தனியாகக் கூடினோம். பழைய செங்கல் சூளைக் காணி நல்ல இடம், வீடுகளும் அருகில் இல்லை என்று சுகாதாரப் பரிசோதகர் முன்பே சொல்லியிருந்தார். அது தவிசாளரின் மச்சானுடைய வயலை ஒட்டிய காணி. அதைப் பற்றிக் கதைக்கவே விடவில்லை. "சவக்காலைப் பக்கமே போடுவம். ரெண்டு நாளைக்குச் சத்தம் போடுவாங்க, பொறகு மணம் பழகிரும்," என்று தவிசாளர் சொன்னார். சிலர் சிரித்தார்கள். நஸீர் சேர் சிரிக்கவில்லை. ஆனால் மறுத்தும் ஒரு சொல் பேசவில்லை. நானும்தான்.

பிரேரணை சபைக்கு வந்தது. ஆதரவாகக் கைகள் உயர்ந்தன. நஸீர் சேரின் கையும் உயர்ந்தது. உங்கள் ஊர் உறுப்பினர் இருவரில் ஒருவர் அன்று வரவில்லை. மற்றவருக்கு அவர் பக்கம் கிறவல் கொட்டி வீதி ஒன்று போட்டுத் தருவதாகப் பேச்சாம், அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எதிராக யார் என்று கேட்டபோது நான் கையை உயர்த்தினேன். நான் ஒருத்திதான்.

வெளியே வந்ததும் நஸீர் சேர் பக்கத்தில் வந்தார். "டீச்சர், அரசியலெண்டா கொஞ்சம் வளைஞ்சி குடுக்கணும். ஒரு ஆள் கை தூக்கி என்ன மாறிச்சி?"

"ஒண்டும் மாறல்ல சேர்," என்றேன்.

அது உண்மை அக்கா. தோற்கும் என்று தெரிந்த பிறகு போடும் வாக்குக்கு என்ன தைரியம் வேண்டும்? வெல்லக்கூடிய நாளில், சனம் நம்மைக் கேட்டுக்கொண்டிருந்த நாளில், நான் வீதி விளக்கைப் பற்றிப் பேசினேன். ஊரில் சிலர் என்னைத் தைரியசாலி என்கிறார்கள், சிலர் துரோகி என்கிறார்கள். இரண்டு பெயரும் எனக்குப் பொருந்தவில்லை.

குப்பை ட்ரக்டர்கள் இப்போது போகின்றன. காகமும் நாயும் சவக்காலை வேலிக்குள் வந்துவிட்டன.

போன கிழமை சுகந்தி என்னைத் தேடி வந்தாள். உள்ளே வந்து இரு என்றேன், வாசலிலேயே நின்றாள். உங்களைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்கட ஊர் ஆக்கள் வழக்குப் போடப் போறம் அன்ரி. தவிசாளர்ர வீட்டுல என்ன கதைச்சதெண்டு நீங்க சத்தியக்கடதாசி தருவீங்களா? உள்ளுக்கு இருந்த ஆள் ஒருத்தர் சொன்னாத்தான் கோட்டுல எடுபடுமாம்."

நான் சொன்னேன்: "மகள், அண்டைக்கு நான் போன் பண்ணினது..."

"அத நான் மறக்கல்ல," என்றாள். "ஆனா அதக் கதைக்க இப்ப வரல்ல. அம்மாவுக்காகவும் நீங்க செய்ய வேணாம். அவ போயிட்டா. அந்தப் பக்கம் கிணத்துத் தண்ணி குடிக்கிற சனம் உசிரோட இரிக்கி. அவங்களுக்காக ஏலுமா எண்டு கேக்கிறன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் அதோடு நான் முடிந்தேன். "ஓம், தாறன்," என்றேன்.

அவள் நன்றி சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

கதை எப்படியோ காதில் விழுந்து, அடுத்த நாள் நஸீர் சேர் போன் எடுத்தார். குழு என்னை நீக்கும், ஆசனம் போகும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ளுக்குக் கதைச்சத வெளிய செல்றது அழகில்ல டீச்சர்," என்றார்.

"உள்ளுக்கு அத நாம கதைச்சதே அழகில்ல சேர்," என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அவரும் வெட்கப்படுகிறார் என்றுதான் நினைக்கிறேன். வெட்கப்பட்டால் மட்டும் ஒரு ட்ரக்டரும் நிற்காது என்பதை அவருக்குச் சொல்லும் தகுதி எனக்கில்லை. நானும் இத்தனை நாள் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அக்கா, நாளைக் காலை கல்முனைக்குப் போய்ச் சமாதான நீதவான் முன் கையெழுத்து வைப்பேன். தவிசாளர் சொன்னதைச் சொல்வேன், நஸீர் சேர் பேசாமல் இருந்ததைச் சொல்வேன், நான் பேசாமல் இருந்ததையும் சொல்வேன். போகும்போது உங்கள் வீதியால்தான் போவேன். வழக்கு நடக்கும் நாட்களில் உங்கள் ஊர்ச் சனம் இருக்கும் பக்கம் வந்து இருப்பேன். சுகந்தி எனக்கு இடம் விடுவாளோ தெரியாது. விடாவிட்டால் நின்றுகொண்டிருப்பேன்.

உங்களை அக்கா என்று கூப்பிட இன்னும் உரிமை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கும்,
உங்கள் தங்கச்சி
ஜெஸீமா