நான் சிரிக்காத சிரிப்பு

லண்டன், 8 நவம்பர் 1971, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. தொலைக்காட்சியில் சனிக்கிழமை மாலைகளில் வருமே, அந்த விண்வெளித் தொடர். அதில் ஒரு வாரக் கதை. காற்றுத் தீர்ந்துகொண்டிருக்கும் ஒரு கிரகத்தின் தலைவி நான். என் மக்களைக் கண்ணாடிப் பெட்டிகளில் படுக்கவைத்து, தூங்கச் சொல்லி, ஒவ்வொரு மூடியாகச் சாத்துகிறேன். அவை இனித் திறக்காது என்று எனக்கு மட்டும் தெரியும். அதுவரை நல்ல கதைதான். அப்புறம் தலைவிக்குப் பைத்தியம் பிடித்துச் சிரிக்கிறாள். பெரிய புழு ஒன்று வருகிறது. கப்பல் தலைவன் ஏதோ குழாயைத் திருப்பி எல்லோரையும் காப்பாற்றிவிடுகிறான்.

பெர்னார்ட் படுக்கையில் இருந்தபடியே முழுவதும் படித்தான். "புழுவுக்குத்தான் நல்ல வேஷம்" என்றான். கணவனிடமிருந்து அவ்வளவுதான். அவனும் நடிகன்தான், கடைசியாக ஒரு நாடகம் கிடைத்து இரண்டு வருடமாகிறது. இப்போது தெருவுக்குக்கூடப் போவதில்லை. கோபப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

வாய்ப்புத் தேடித் தருகிற மிஸஸ் லோபர் தொலைபேசியில்: "பிரிஸ்டல் நாடகசாலையில லாசிட்டர் ஒரு துயர நாடகம் போடறார். தாய் வேஷத்துக்கு ஆள் பாக்கறார். உன்னோட இந்த நிகழ்ச்சியைப் பாக்கறேன்னு சொல்லியிருக்கார். இதுவும் போச்சுன்னா, வின்னி, உன் பேரை எங்க கொண்டு போறதுன்னு எனக்குத் தெரியல."

11 நவம்பர்

தேவாலயக் கூடத்தில் ஒத்திகை. தரையில் ஒட்டிய நாடாதான் கிரகம். இயக்குநர் ராய்க்கு முப்பது வயதுகூட இருக்காது, எப்போதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சிரிப்பு வேண்டாமே என்று கேட்டேன்.

"சிரிக்கலேன்னா பைத்தியம்னு பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவ பைத்தியம் இல்லையே, ராய். அங்க இருக்கறதுலேயே தெளிவா இருக்கறது அவதான்."

யோசித்தார். "சரி, சிரிக்க வேண்டாம். புழு வர்றதுக்குள்ள முடிச்சிடுவீங்களா?"

முடித்துவிடுவேன் என்றேன்.

15 நவம்பர்

மூடி சாத்தும் காட்சி இன்னும் வரவில்லை. அழுதால் பொய். அழாவிட்டால் மரக்கட்டை. அவள் கைகள் என்ன செய்யும்? அதுதான் தெரியவில்லை.

19 நவம்பர்

பதிவு முடிந்தது. எழுதிவைக்க வேண்டும், நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

வெள்ளித் துணியில் உடை, நெற்றியை அறுக்கும் கிரீடம். மூன்றாவது பெட்டியின் மூடி பாதியில் சிக்கிக்கொண்டது. நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. நான் குனிந்து, உள்ளே படுத்திருந்த பெண்ணின் தலைமுடி வெளியே தொங்கியதை எடுத்து உள்ளே வைத்தேன். மூடியில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்கிற மாதிரி. யாரும் சொல்லித் தரவில்லை, கை தானாகச் செய்தது. பிறகு மூடி சாத்திக்கொண்டது. நான் வாயை மூடியபடி அடுத்த பெட்டிக்குப் போனேன்.

கப்பல் தலைவனாக நடிக்கும் டெரெக் ஒத்திகை முழுக்கக் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தவர். அடுத்து பேச வேண்டியது அவர். பேசவில்லை. மறந்தே போயிருக்கிறார். வெளியே வந்ததும் சொன்னார்: "ஏம்மா, இந்தத் தொடருக்கு இதெல்லாம் எதுக்கு? அடுத்த வாரம் நானும் நடிக்கணும்னு எதிர்பார்ப்பாங்கல்ல."

அப்புறம் புழு வந்தது. வால் தனியாகக் கழன்று விழுந்தது. உள்ளே இருந்தவர் கெட்ட வார்த்தை சொன்னார். திரும்ப எடுக்க நேரமில்லை.

பரவாயில்லை. அந்த மூடிக் காட்சி எனக்குக் கிடைத்துவிட்டது. இத்தனை வருடத்தில் முதல் தடவை.

24 டிசம்பர்

வேறு வேலை எதுவும் வரவில்லை. பெர்னார்ட் சவரம்கூடச் செய்துகொள்வதில்லை.

19 பிப்ரவரி 1972, சனி

இன்றுதான் ஒளிபரப்பு. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் முறைவைத்து மின்சாரத்தை வெட்டுகிறார்கள். இன்று மாலை எங்கள் தெருவின் முறை. அடுத்த தெருவில், மிஸஸ் ஹாலோரன் வீட்டில், மின்சாரம் இருக்கிறது. பெர்னார்ட் திடீரென்று எழுந்து கோட்டைத் தேடினான். "மிஸஸ் ஹாலோரன் வீட்டுல போய் பாத்துட்டு வர்றேன். நீயும் வா."

எனக்குத் தைரியமில்லை. மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தவன் கோட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அந்தத் தலைமுடியை எடுத்து வச்சியே, அப்ப அந்த வீட்டுல ஒரு சத்தமில்ல. பசங்க சாப்பிடறதை நிறுத்திட்டாங்க. எனக்கு..." என்று நிறுத்தினான். "ஆனா ஏன் சிரிச்சே, வின்னி?"

"நான் சிரிக்கவே இல்லையே."

"வாய் மூடித்தான் இருந்துச்சு. சிரிப்பு மட்டும் கேட்டுது. பெரிய சிரிப்பு, பேய் மாதிரி. பசங்களும் சிரிச்சிட்டாங்க."

யாருடைய சிரிப்பு? எந்தப் பெண்ணைக் கூட்டி வந்து சிரிக்கச் சொன்னார்கள்? என் முகத்தின் மேல் — எனக்குத் தெரியாமலே.

21 பிப்ரவரி

ராயைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "மேல இருக்கறவங்க சொல்லிட்டாங்க, மேடம். சிரிப்பு இல்லாம அவ பைத்தியம்னு புரியலையாம். நான் சண்டை போட்டேன்." போட்டிருப்பார். கொஞ்சம். "உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார். சொல்லவில்லையே.

இன்னொரு தடவை காட்டமாட்டார்கள். நான் இனி அதைப் பார்க்கப்போவதில்லை.

25 பிப்ரவரி

லாசிட்டர் பார்த்தாராம். மிஸஸ் லோபர் சுற்றி வளைக்கவில்லை. "நடிப்பு பிரமாதம்னு அவரே சொல்றார். ஆனா அந்தச் சிரிப்பைக் கேட்ட ஜனங்க, நீ மேடையில அழுதா சிரிப்பாங்களாம்."

அது என் குரல் இல்லை என்று சொன்னீர்களா என்று கேட்டேன்.

"சொன்னேன். அது பாக்கறவங்களுக்குத் தெரியாதேங்கறார்."

சரிதானே. யாருக்குத் தெரியும்?

3 மார்ச்

ஒரு கேக் கம்பெனி விளம்பரத்துக்கு அழைப்பு. அதே கிரீடம், அதே சிரிப்பு. என்னால் முடியாது என்றேன். மிஸஸ் லோபர், "அப்போ என்கிட்ட வேற ஒண்ணும் இல்லம்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

20 மார்ச்

வீட்டைக் காலி செய்கிறோம். ஹல் ஊரில் பெர்னார்டின் அண்ணன் திரைச்சீலைத் துணிக்கடை வைத்திருக்கிறார். மாடியில் இரண்டு அறை காலியாம்.

ஹல், 14 மே, ஞாயிறு

மழை. நேற்று கடையில் கூட்டம், இன்னும் கால் வலிக்கிறது.

பெர்னார்டுக்கு உள்ளூர் வானொலி நாடகத்தில் சின்ன வேஷம் கிடைத்திருக்கிறது. காலையிலேயே சவரம் செய்துகொண்டு தாள்களோடு சமையலறைக்கு வந்துவிட்டான். "அன்னைக்கு உன்னைப் பாத்தப்பறம்தான் எனக்குத் திரும்ப ஆசை வந்துச்சு" என்றான். நல்லெண்ணத்தோடுதான் சொன்னான்.

மனைவியின் வசனங்களை என்னை வாசிக்கச் சொன்னான். உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே வாசித்தேன். இரண்டு பக்கம் போனதும் நிறுத்தினான்.

"கொஞ்சம் உயிர் குடுத்துப் படிக்கலாம்ல?"

"உனக்கு வரி ஞாபகம் இருந்தாப் போதாதா?" என்றேன்.

அவன் பக்கத்தைத் திருப்பினான். அவன் நன்றாகவே செய்கிறான். கடைசிவரை வாசித்துக் கொடுத்தேன்.