உங்கள் காப்பகத்தில் என் அம்மா

மேடம்,

உங்கள் படத்துக்கு மாலை போட வரிசையில் நின்றபோது துப்பட்டாவில் ஏறிய சம்பங்கி வாசனை, துவைத்த பிறகும் போகவில்லை. எரிச்சலாக இருக்கிறது.

பெங்களூர்த் தமிழைக் கொச்சை என்று ஒதுக்கிய பல்கலைக்கழகங்களையே அதைப் பாடமாக வைக்கச் செய்தவர் என்று மேடையில் உங்களைப் புகழ்ந்தார்கள். உண்மைதான். உங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த அந்த முதல் புத்தகம் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் சமையலறையில் பிறந்தது என்பதை யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் திரும்பியதும், அம்மாவின் பேச்சைப் பதிவுசெய்ய வந்துவிடுவீர்கள். அம்மாவின் சேலையில் மைக்கைக் குத்திவிட்டு, சத்தம் பதிவாகும் என்று ஃபேனை நிறுத்தச் சொல்வீர்கள்.

"வேர்த்து ஊத்துது மேடம். நா செத்தா அந்தச் சத்தமும் வேணுமா ஒங்களுக்கு?" என்பாள் அம்மா.

"வேணும்க்கா, நிறுத்தாம பேசுங்க."

பதிவில் அம்மாவின் பெயருக்குப் பதில் ஓர் எண்ணைப் போடுவீர்கள். "பேரு வெளிய போகாதுக்கா. உங்க நல்லதுக்குத்தான்." மாமியாரைப் பற்றித் தான் சொன்னதையெல்லாம் நினைத்து அம்மாவும் நிம்மதியானாள்.

அம்மா இறந்தபோது எங்களிடம் இருந்தது ஒரு பட்டன் ஃபோன். அவள் குரல் உங்களிடம் மட்டுமே இருந்தது. கேட்டபோதெல்லாம், "ஒழுங்குபடுத்திட்டுக் குடுக்கறேம்மா" என்றீர்கள். எல்லாவற்றையும் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அங்கே போய்க் கேட்டேன்.

"உங்கம்மா வாய்ஸ்தான்னு எப்படிம்மா நம்பறது? பேரே இல்லையே" என்றார் பொறுப்பாளர்.

உங்கள் நினைவுக் கூட்டத்தில் ஒரு பதிவை ஓடவிட்டார்கள்.

"மாமியாகிட்ட நா கன்னடத்துலதான் சண்ட போடுவேன் மேடம். அதுக்குப் பாதி புரியாது, சும்மா இருந்துரும்."

அரங்கமே சிரித்தது. எழுந்து நின்று, "அது எங்கம்மா. பேரு ஸ்டெல்லா" என்றேன்.

கூட்டம் முடிந்ததும் பொறுப்பாளர் வாசலில் பிடித்துக்கொண்டார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? ஆள் யாருன்னு தெரிஞ்சுபோன பதிவ வெளிய குடுக்கக் கூடாது. மேடம் போட்ட ரூல்."

"பொண்ணுக்கும் கூடாதா?"

"யாருக்கும் கூடாதும்மா."

பெயர் இல்லை என்று மறுத்தார்கள், பெயரைச் சொன்னதும் பூட்டிவிட்டார்கள். முன்பின் தெரியாத முந்நூறு பேர் அவளைக் கேட்டுச் சிரிக்கலாம். நான் கேட்கக் கூடாது. அந்த விதியை எழுதும்போது, ஃபேனை நிறுத்திய அறையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை ஒருமுறைகூடவா ஞாபகத்துக்கு வரவில்லை?

கல்லூரியில் என் தமிழைக் கிண்டல் செய்தார்கள் என்று அழுதபோது, "அது உங்க வீட்டுத் தமிழ். அதுல என்ன வெக்கம்? வாயத் தெறந்து பேசு" என்றவர் நீங்கள். அத்தனை பேர் நடுவில் நான் எழுந்து பேசியது அந்தத் தைரியத்தில்தான். உங்கள் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம். இந்தத் தைரியத்தை என்ன செய்வது?

திங்கட்கிழமை மறுபடியும் காப்பகத்துக்குப் போகிறேன். அம்மாவைக் கேட்காமல் வரமாட்டேன்.