நான் வாங்கிப் பார்க்காத மைனஸ் எண்

பண்ணையிலிருந்து வந்த, ஷெட் ஃபேன்களை ஓட்டும் கண்ட்ரோல் பெட்டியை இன்று காலை மேசைமேல் வைத்து மூடியைக் கழற்றினேன். கோழி எச்சத்தின் காரநெடி அறை முழுக்க ஏறிவிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. நீ இருந்திருந்தால், "நாமக்கல் சென்ட்டு புள்ள, மூடி வெச்சுக்க, தீந்துரும்" என்றிருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடமாக இந்தப் பெட்டியைக் கண்ணால் பார்க்காமல் இருந்ததே நிம்மதியாக இருந்தது.

எறும்பு புகுந்து போர்டு கெட்டுவிட்டது என்று அனுப்பியிருந்தார்கள். துடைத்துவிட்டு மின்சாரம் கொடுத்தேன். ஓடியது. பண்ணைக்காரர் பார்க்கும் திரையில் எல்லாம் சரியாகவே இருந்தது. நாம் மட்டும் பார்க்கும் உள்பட்டியலைத் திறந்தபோதுதான் தெரிந்தது. வெப்பம் அளக்கும் முதல் சென்சாரின் பெயர் 'பெரியகாடு ஷெட்'. இரண்டாவதன் பெயரும் 'பெரியகாடு ஷெட்'. பின்னால் இருக்க வேண்டிய ஒன்றும் இரண்டும் இல்லை. ஆங்கில எழுத்தில் அந்தப் பெயருக்கு, இடைவெளியும் எண்ணும் சேர்த்து, பதினேழு எழுத்து. நான் ஒதுக்கியிருந்த இடம் பதினாறு.

உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் எனக்காக ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். சி மொழியில் ஒரு பெயரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் பழைய ஃபங்ஷனுக்கு, வாங்கும் இடத்தின் அளவு தெரியாது. பக்கத்து இடத்திலும் கொட்டிவிடும். கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் ஓடும் கெர்னலுக்குள் அப்படிக் கொட்டினால் மொத்தப் பெட்டியும் விழும். அடுத்து வந்த ஃபங்ஷன் அளவோடு நிற்கும், ஆனால் பெயர் முடிந்துவிட்டது என்ற அடையாளத்தைச் சில நேரம் போடாது. புதிது இரண்டையும் ஒழுங்காகச் செய்யும். பெயர் கொள்ளவில்லையென்றால் கொள்ளும்வரை வெட்டி வைத்துவிட்டு, ஒரு மைனஸ் எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். 'வெட்டிவிட்டேன், பார்த்துக்கொள்' என்று அர்த்தம்.

சென்சார்களோடு பேச நாம் எழுதிய டிரைவர் நிரலில் இருந்த பழையதையெல்லாம் ஒரே நாளில் புதிதாக மாற்றினேன். பெருமையாக இருந்தது. சூரமங்கலத்து மாடி அறையில் நீ என் பின்னால் நின்று, கையில் பாதி கடித்த முறுக்கோடு, வரி வரியாகப் பார்த்தாய்.

"இது மைனஸ் குடுத்தா நீ என்ன பண்ணுவ?"

"குடுக்காது. பதினாறு போதும்."

"போதும்னா எதுக்குடி இவ்ளோ பாதுகாப்பு?"

நீ அதே கேள்வியை, நிரலைச் சரிபார்க்கும் ரிவியூ பக்கத்திலும் எழுதி வைத்தாய். அதன் கீழே நான் 'தேவையில்லை' என்று போட்டு மூடினேன். இன்று அந்தப் பக்கத்தையும் தேடி எடுத்தேன். உன் கேள்வி ஒரு வரி. என் பதில் ஒரு சொல். நீ மறுபடி திறந்திருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். கல்லூரியில் உப்புமாவில் கடுகு அதிகம் என்பதற்கெல்லாம் மெஸ்ஸையே இரண்டாக்கியவள் நீ. இதற்கு மட்டும் ஏன் விட்டுக்கொடுத்தாய் என்று காலையிலிருந்து உன்மேல் கோபமாக வருகிறது. கோபம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது தெரிந்துதான் இருக்கிறது.

அந்தப் பங்குனியில் பண்ணை முதலாளி பெரியகாட்டில் இரண்டாவது பண்ணை வாங்கினார். ஷெட்டின் பெயரில் ஊர்ப் பெயரும் வர வேண்டும் என்றார். சேர்த்துக் கொடுத்தோம். அன்றிலிருந்து இரண்டாம் ஷெட்டின் வெப்பத்தைக் கேட்டால், கேட்ட பெயரும் உள்ளே வெட்டுப்பட்டு, முதல் ஷெட்டின் அளவுதான் வந்திருக்கிறது. இரண்டிலும் கோழி நிறைந்திருந்தவரை யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சித்திரையில் முதல் ஷெட்டுக் கோழிகளை விற்றார்கள். கழுவி, ஈரம் காயாமல், காலியாகக் குளிர்ந்து கிடந்தது அது. அந்தக் குளிரைப் பார்த்துத்தான் பெட்டி இரண்டாம் ஷெட்டின் ஃபேன்களை ஓட்டியது.

அப்படி ஒரு நாள் மதியம் பழனியம்மா அக்காவின் போனை எடுத்தது நான். இரண்டாம் ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

"ஏனுங் மேடம், உள்ள அனலா அடிக்குதுங்க. கோழியெல்லாம் வாயப் பொளந்துட்டு நிக்குதுங்க. ரெண்டு ஃபேன்தான் சுத்துது."

"இங்க ஸ்க்ரீன்ல முப்பதுதான்க்கா காட்டுது. நீங்க சுவிட்சைத் தொடாதீங்க."

"பொட்டியத்தான் பூட்டிப் போட்டீங்களே, எங்கீங்க தொடறது?"

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். கண்டவர் கை வைக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டதும் நாம்தான். மூன்று மணிக்குள் அந்த ஷெட்டின் கோழிகள் மொத்தமும் செத்துவிட்டன. முதலாளி கேட்டபோது, பதிவில் வெப்பம் சரியாக இருந்தது என்று எடுத்துக் காட்டினேன். மெஷினில் தப்பில்லை என்றால் மனுஷியில் தப்பு. மதியம் தூங்கிவிட்டு ஃபேன் மேல் பழி போடுகிறாள் என்று சொல்லி அக்காவை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

நீ மட்டும், "அந்தக்கா பொய் சொல்லலடி" என்றாய். "ஸ்க்ரீன் பொய் சொல்லுதா?" என்று கேட்டேன். அதே வாரத்தில் உனக்குக் கீமோ சிகிச்சை தொடங்கியது. பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. உன்னை அலைக்கழிக்கக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

என்னை எரிய வைப்பது இதுதான். பழைய ஃபங்ஷனையே விட்டிருந்தால், அந்தப் பதினேழாவது எழுத்து பக்கத்தில் கொட்டி, பெட்டி விழுந்திருக்கலாம். பெட்டி விழுந்தால் எல்லா ஃபேனும் முழு வேகத்தில் ஓடும்படி நீ ஒயர் கொடுத்திருந்தாய். செத்த பெட்டி கோழிகளைக் காப்பாற்றியிருக்கும். நான் பாதுகாப்பாக மாற்றிய பெட்டி விழவில்லை. ஒழுங்காக ஓடி, ஒழுங்காகப் பொய் சொன்னது. இல்லை, அதுவும் தப்பு. ஃபங்ஷன் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த மைனஸ் எண்ணைக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தது. அதை வாங்க நான் ஒரு வரி எழுதவில்லை.

இன்று மதியமே பண்ணை சூப்பர்வைசரிடம் விசாரித்துக்கொண்டு இளம்பிள்ளைக்குப் பஸ் ஏறினேன். பழனியம்மா அக்கா இப்போது ஒரு தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிறார். தறிச் சத்தத்தில் பேச முடியாமல் வாசலுக்கு வந்தோம். சொன்னேன். பெயர் நீளம், இடம் பத்தவில்லை, மெஷின் வேறு ஷெட்டின் சூட்டைக் காட்டிவிட்டது, தப்பு என்னுடையது.

"இதெக் கண்டுபுடிக்க மூணு வருசமாச்சுங்களா?"

"ஆமாங்கக்கா."

"நா அன்னைக்கே போன்ல சொன்னனுங்களே. அதுக்கு எத்தன நிமிசம் ஆச்சு?"

அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "அதெல்லாம் முடிஞ்சு போச்சுங் மேடம், இப்ப எதுக்குக் கெளர்றீங்க" என்று வைத்துவிட்டார்.

"முடிஞ்சது அவுருக்கு" என்றார் பழனியம்மா அக்கா. "எங்கூர்ல என்னெய இன்னும் தூங்குமூஞ்சின்னுதான் கூப்புடறாங்க. எம்பட மருமகளே சொல்றா." முந்தானையில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். பிறகு கேட்டார்.

"அந்த இன்னொரு மேடம் வரலீங்களா?"

நீதான். மொட்டையடித்த தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், அவர் வீட்டுக்கு நீ போயிருக்கிறாய். மோர் வாங்கிக் குடித்திருக்கிறாய். பழனியம்மா அக்காதான் சொன்னார்: "'நீங்க தூங்கலீங்க, எனக்குத் தெரியும். எங்க தப்புன்னு பாத்துட்டு வாரேன்'னாங்க. வரவேயில்லயே. அவிங்களும் கைய விட்டுட்டாங்கன்னு நெனச்சுட்டேன்."

நீ இப்போது இல்லை என்று சொன்னேன். உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போகவில்லை.

என்னிடம் ஏன் சொல்லவில்லை? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு வந்தேன். சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. முப்பது டிகிரி என்று மறுபடியும் காட்டியிருப்பேன்.

இதே டிரைவர் ஓடும் மற்ற பண்ணைகளுக்கெல்லாம் பூட்டை எடுத்துவிடச் சொல்லி இன்று மாலையே போன் செய்துவிட்டேன். மைனஸ் வந்தால் ஃபேன்கள் முழுதாக ஓடி, மணி அடிக்கும்படி வரிகளையும் எழுதிவிட்டேன். இதெல்லாம் வேலை. இதனால் பழனியம்மா அக்காவை யாரும் பெயர் மாற்றிக் கூப்பிடப்போவதில்லை.

நடந்ததை எழுதிக் கொடுக்கட்டுமா என்று தறிக்கூட வாசலில் கேட்டதற்கு அவர், "எழுதுனா எவன் படிப்பான்? அவத்தைக்கே, அந்தப் பண்ணைக்கே வந்து, எல்லாரும் நிக்கறப்ப, வாயால சொல்லுங்க" என்றார். திங்கட்கிழமை தீவனம் இறக்கும் நேரத்தில் ஆட்கள் இருப்பார்களாம். இருவரும் போகிறோம். முதலாளி கேட்டைத் திறப்பாரா, தெரியாது. திறக்காவிட்டால் கேட்டுக்கு வெளியே நின்று சொல்வேன். நீ அவரிடம் விட்டுவிட்டுப் போன 'வாரேன்' இப்போது என்னிடம் இருக்கிறது.