சாக்பீஸ் வட்டம் போட்ட வீடு

என் செக்கிங் அம்மாவுக்கு,

ஏலகிரி வீட்டை விற்கப்போகிறேன். உனக்கு முன்னுரை பிடிக்காது என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். நீ போனபிறகு அந்தப் பூட்டைத் திறக்கக்கூட எனக்கோ தம்பிக்கோ லீவு கிடைப்பதில்லை. இப்போது அங்கே குடித்தனம் நடத்துவது குரங்குகள்தான். கூரை ஓடுகளையும் பெயர்த்துப் போடுகின்றன.

பெரியம்மா அழுகிறாள். "அம்மா ஞாபகத்தையே விக்கிறியேடி" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து ரிட்டயர் ஆன பணத்தில் நீ அந்த வீட்டை வாங்கியபோது இதே பெரியம்மா என்ன சொன்னாள்? "செக்கிங் பார்த்தவளுக்கு மலை மேல பங்களா கேக்குதா" என்றாள். அன்று இளித்த வாய்தான் இன்று அழுகிறது. அழட்டும். எனக்கு வருத்தம் நிறையவே இருக்கிறது, ஆனால் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. இரண்டும் வேறு வேறு அம்மா.

முதல் நாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாயே. "இங்க காத்துக்கு வாசனையே இல்லடி" என்றாய். தோல் வாசனையிலும் பசை நெடியிலும் ஆயுசைக் கழித்த உனக்கு, ஒன்றுமே மணக்காத காற்றுதான் சொர்க்கம். அதை நீ அனுபவித்தாய். போதும்.

குமார் என்று ஜோலார்பேட்டை புரோக்கர் ஒருவர் வந்தார். வீட்டை விற்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொன்னார். சமையலறைச் சுவரில் ஓதம் ஏறியிருப்பதை மறைத்து ஒரு பீரோவைத் தள்ளிவைக்க வேண்டுமாம். மழை நாளில் யாருக்கும் வீட்டைக் காட்டக் கூடாதாம். இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அடுத்து அவர் சொன்னதில்தான் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"யார் வீடுன்னு கேட்டா, டாக்டர் வீடுன்னு சொல்லுங்க மேடம். ஷூ கம்பெனினு சொன்னா ரேட்டு கம்மியாயிடும்."

கம்மியாகவே போகட்டும் என்றேன். குமாரிடமிருந்து தம்பிக்கு உடனே போன் போயிருக்கிறது. பேஜார் பண்ணாதே அக்கா, விற்றால் போதும் என்று அவன் கெஞ்சினான். இந்தப் பணத்தை நம்பித்தான் அவன் இருக்கிறான் என்று எனக்கும் தெரியும். பாவம், அவனுக்கு உன் மூக்கு மட்டும்தான் வந்திருக்கிறது.

உனக்கு வட்டம் போடும் பழக்கம் கம்பெனி செக்கிங்கில் வந்தது. கீறல், கோணல் தையல், ஊசி ஓட்டை என்று எது கண்ணில் பட்டாலும் அதைச் சுற்றி சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு அந்த ஜோடியை ஒதுக்கிவைப்பாய். வீட்டுக்குப் பூச்சு வேலை நடந்தபோதும் அதையே செய்தாய். காலையில் மேஸ்திரி வந்து பார்த்தால் சுவரெல்லாம் வட்டம். "இது வீடாம்மா, ஷூவா?" என்று அவர் கத்தினார். நீ நிதானமாகச் சொன்னாய்: "ரெண்டுக்குள்ளயும் மனுஷந்தான போறான்."

அதனால்தான் போன சனிக்கிழமை வீடு பார்க்கப் பார்ட்டி வருவதற்கு முன்னால் நான் கையில் சாக்பீஸுடன் மலை ஏறினேன். ஓதத்துக்கு ஒரு வட்டம். மழையில் உப்பித் தரையை உரசும் கதவுக்கு ஒன்று. விரிசல் விட்ட வாஷ்பேசினுக்கு ஒன்று. உடைந்த ஓடு எனக்கு எட்டவில்லை, அதனால் அதற்குக் கீழே சுவரில் போட்டு மேலே அம்புக்குறி காட்டினேன். குமார் வந்து பார்த்துவிட்டு ஈரத்துணியோடு ஓடி வந்தார். துணியைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

பெங்களூரிலிருந்து முதலில் வந்தவர்கள் வட்டங்களைப் போட்டோ எடுத்துச் சிரித்துவிட்டுக் கார் ஏறிப் போனார்கள். இது வீம்புதானா என்று எனக்கே தோன்றியது. வீம்புதான். அதை நான் எங்கிருந்து வாங்கி வந்தேன்?

மதியம் வீடு பார்க்க சாபிரா அக்கா என்று ஒருவர் வந்தார். வாணியம்பாடியில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர், அவருடைய வீட்டுக்காரர் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவர். உள்ளே வந்ததும் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? யாரு செக்கிங்?"

"எங்கம்மா" என்றேன். "ஆம்பூர் ஷூ கம்பெனி."

குமார் தரையைப் பார்த்தார். சாபிரா அக்கா ஒவ்வொரு வட்டமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வீடு முழுக்க நடந்தார். பிறகு என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டு உன் படுக்கையறைக்குள் போனார். ஜன்னல் சட்டத்தின் அடி மூலையில், குனிந்து, பெரிதாக ஒரு வட்டம் போட்டார். கரையான்.

"இத வுட்டுட்டியே" என்றார். "மத்ததெல்லாம் கரெக்டா கீது. மறைக்காம வெச்சிருக்க, நான் வாங்கிக்கிறேன். கரையானுக்கு மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணிக்க."

வெட்கத்தில் முகம் எரிந்தது அம்மா, சிரிப்பும் வந்தது. உன் மகள் ஒன்றைக் கோட்டைவிட்டாள். நீ இருந்திருந்தால் எனக்கே ஒரு வட்டம் போட்டிருப்பாய். விலையைக் கம்மி பண்ண மாட்டேன், சட்டத்தையே மாற்றித் தருகிறேன் என்று சொன்னேன். சாபிரா அக்கா சரி என்று என் கையைப் பிடித்தார்.

நாளை தச்சரை அழைத்துக்கொண்டு மலை ஏறுகிறேன். புதுச் சட்டம் பொருந்தியதை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் சாவி கை மாறும். பத்திர ஆபீஸில் யார் வீடு என்று எவர் கேட்டாலும் செக்கிங் அம்மா வீடு என்று உரக்கச் சொல்வேன். உன் கையிலிருந்து ரிஜெக்ட் சரக்கு எதுவும் வெளியே போனதில்லை. இதுவும் போகாது.

ஒரு வட்டத்தைக் கோட்டைவிட்ட உன் மகள்,
எஸ்தர்